தேயிலைக் கப்பலும் லானுன் படகும்

மலைக்கு வந்த கடல் – வரலாற்றுத் தொடர் – 9

(ஸ்ரீவிஜயத்தின் எழுச்சி, ராஜேந்திர சோழனின் 1025 படையெடுப்பு, பரமேஸ்வரா நிறுவிய மலாக்கா, போர்த்துகீசியரின் கடற்சீட்டு, 1641-இல் டச்சுக்காரர் கைக்கு மலாக்கா போனது ஆகியவற்றை இதுவரை பார்த்தோம்.)

1804 பிப்ரவரி 14. தியோமானுக்குத் தெற்கே, பூலாவ் அவுர் தீவை நெருங்கி 29 கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. கான்டன் துறைமுகத்தில் சரக்கேற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குத் திரும்பும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சீனக் கப்பல் வரிசை அது. தேயிலை, பட்டு, பீங்கான் எல்லாம் சேர்ந்து 80 லட்சம் பவுனுக்கு மேல் மதிப்பு. துணைக்கு ஒரு போர்க்கப்பல்கூட இல்லை. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் முந்தைய ஆண்டுதான் மறுபடியும் போர் மூண்டிருந்தது. 74 பீரங்கி கொண்ட 'மரெங்கோ' கப்பலோடும் துணைக் கப்பல்களோடும் பிரெஞ்சுத் தளபதி லினுவா அந்த வழியில் காத்திருந்தார்.

கம்பெனிக் கப்பல்களின் தலைவர் நத்தானியல் டான்ஸ் ஓடவில்லை. வணிகக் கப்பல்களைப் போர் வரிசையில் நிறுத்தினார். சிலவற்றில் கடற்படைக் கொடியை ஏற்றினார். எதிரில் நிற்பது உண்மையான போர்க்கப்பல் படையோ என்று லினுவா ஓர் இரவு முழுவதும் தயங்கினார். மறுநாள் சிறிது நேரம் பீரங்கிகள் முழங்கின. லினுவா பின்வாங்கினார். ஆயுதம் குறைந்த வணிகக் கப்பல்கள் போர்க்கப்பல்களை இரண்டு மணி நேரம் விரட்டிச் சென்றன. ஊர் திரும்பிய டான்ஸுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. பம்பாயின் காப்பீட்டுக் கம்பெனி ஒன்று 5,000 பவுன் பரிசளித்தது. அந்தச் சரக்கு பறிபோயிருந்தால் இழப்பு எத்தனை பேர் தலையில் விழுந்திருக்கும் என்பது காப்பீட்டுக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாமில் இருந்து இந்தத் தொடரைப் படிப்பவர்கள், நம் பள்ளத்தாக்குக்கும் அந்தக் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். முதல் உறவு தண்ணீர். பெர்த்தாம் ஆறு தெலோமில் கலந்து, தெலோம் ஜெலாயில் கலந்து, ஜெலாய் பகாங் ஆறாகி, பெக்கான் அருகே தென்சீனக் கடலை அடைகிறது. 1963-இல் ரிங்லெட் அணை கட்டி முடிந்த பிறகு ஆற்றின் பெரும்பகுதித் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக பேராக்கின் பாத்தாங் பாடாங் ஆற்றுக்குப் போய், அங்கிருந்து மலாக்கா நீரிணையில் சேர்கிறது. இரண்டாவது உறவு தேயிலை. ஒரே இலைக்காக இந்த இரண்டு கடல்களிலும் நூறாண்டுக்கு மேல் கொள்ளையும் காவலும் நடந்தன. அதன் முடிவில்தான் தேயிலை நம் மலைக்கு வந்தது. இந்த அத்தியாயம் அந்த வழியைப் பற்றியது.

இலைக்கு விலை என்ன?

1784-இல் பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதுவரை தேயிலை மீது விதிக்கப்பட்ட வரி, சரக்கின் விலையைவிட அதிகம். ஏறத்தாழ 119 விழுக்காடு. வரிக்குப் பயந்து கள்ளக் கடத்தல் பெருகியிருந்தது. புதிய சட்டம் வரியை 12.5 விழுக்காட்டுக்குக் குறைத்தது. கள்ளக் கடத்தல்காரர்களின் பிழைப்பு படுத்தது. கம்பெனி வாங்கிய தேயிலையின் அளவு மளமளவென்று உயர்ந்தது. பணக்காரர் வீட்டுப் பண்டமாக இருந்த தேநீர், ஆலைத் தொழிலாளியின் காலை உணவோடு சேர்ந்தது.

சீன வணிகர்கள் தேயிலைக்கு ஈடாகக் கேட்டது வெள்ளி. இங்கிலாந்தின் கம்பளித் துணி அவர்களுக்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை. வெள்ளி வெளியேறுவதைத் தடுக்க, சீனாவில் விலைபோகும் வேறு பொருள்களைக் கம்பெனியும் தனி வணிகர்களும் தேடினார்கள். இந்தியாவில் பருத்தியும் அபினியும் கிடைத்தன. நம் மலாய்க் கடலில் ஈயம், மிளகு, கடல் அட்டை, பறவைக் கூடு, முத்துச் சிப்பி கிடைத்தன. சீன விருந்துகளில் கடல் அட்டைக்கும் பறவைக் கூட்டுக்கும் இருந்த மதிப்பு சொல்லி மாளாது.

இங்கேதான் கடற்கொள்ளையின் வரலாறு தேயிலையோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. பிலிப்பைன்ஸின் தெற்கே, ஜோலோ தீவைத் தலைநகராகக் கொண்ட சூலு சுல்தானகம் இந்தக் கடல்பொருள் வணிகத்தின் மையமாக வளர்ந்தது. கடலடியில் மூழ்கிச் சிப்பி எடுக்கவும், அட்டை பிடித்துக் காயவைக்கவும், குகைகளில் ஏறிக் கூடு எடுக்கவும் ஆயிரக்கணக்கில் கைகள் வேண்டும். சூலுவின் மக்கள்தொகை அதற்குப் போதவில்லை. ஆளைப் பிடித்து வருவது தனித் தொழிலானது. மிண்டனாவோவின் இரானுன் (லானுன்) மக்களும் பாலாங்கிங்கி தீவின் சாமால் மக்களும் அந்தத் தொழிலில் இறங்கினார்கள். அவர்களுக்கு வேண்டிய துப்பாக்கியையும் வெடிமருந்தையும் ஜோலோவுக்குக் கொண்டுபோய் விற்றவர்களில் ஆங்கிலேய வணிகர்களும் உண்டு.

வரலாற்று ஆய்வாளர் ஜேம்ஸ் வாரன் இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக எடுத்துக் காட்டியிருக்கிறார். 1770-க்கும் 1870-க்கும் இடையில் சூலு வட்டாரத்துக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் 2 லட்சத்திலிருந்து 3 லட்சம் பேர் வரை இருக்கும் என்பது அவருடைய கணிப்பு. லண்டன் வீட்டு அடுப்பில் கொதித்த தண்ணீருக்கும் திரெங்கானுக் கரையில் எரிந்த குடிசைக்கும் உள்ள தொடர்பு இதுதான். கொள்ளை என்பது வணிகத்துக்கு வெளியிலிருந்து வந்த இடையூறு என்று பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. மலாய்க் கடலில் அது வணிகத்தின் வயிற்றிலேயே பிறந்தது.

யாருடைய சீட்டு?

சென்ற அத்தியாயங்களில் கண்ட ஓர் உண்மையை இங்கே நினைவூட்ட வேண்டும். மலாக்கா நீரிணையில் கப்பல் ஓட்டுபவன் எப்போதும் யாருக்காவது பணம் கட்டித்தான் கடந்திருக்கிறான். ஸ்ரீவிஜயத்தின் துறைமுகத்தில் நிற்காமல் போகும் கப்பலை அந்நாட்டுப் படகுகள் மறித்துத் தாக்கும் என்று 1225-இல் சீன அதிகாரி சாவ் ஜுகுவா எழுதினார். மலாக்கா சுல்தான்களின் காலத்தில் ஓராங் லாவுட் என்ற கடலோடி மக்கள் கப்பல்களுக்கு வழிகாட்டி மலாக்காவுக்கு அழைத்துவந்தார்கள். பகைவரின் கப்பலை மடக்கினார்கள். போர்த்துகீசியர் 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டை விற்றார்கள். சீட்டில்லாத கப்பல் அவர்கள் கண்ணில் பட்டால் சரக்கும் போகும், உயிரும் போகும். சோழமண்டலக் கரையின் மரைக்காயர்களும் செட்டிகளும் தலைமுறை தலைமுறையாக இந்தச் சீட்டுக்குக் கப்பம் கட்டினார்கள்.

டச்சுக்காரர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். 1603 பிப்ரவரி 25-இல் ஜொகூர் ஆற்று முகத்தருகே ஹீம்ஸ்கெர்க் என்ற தளபதி 'சாந்தா கத்தரீனா' என்ற போர்த்துகீசியக் கப்பலைப் பிடித்தார். அதன் பட்டும் பீங்கானும் ஆம்ஸ்டர்டாமில் 30 லட்சம் கில்டருக்கு மேல் ஏலம் போயின. அது கொள்ளையா, போர் உரிமையா என்ற வழக்கில் டச்சுத் தரப்புக்காக வாதங்களை எழுதிக் கொடுத்தவர் ஹ்யூகோ குரோஷியஸ். கடல் யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லும் அவருடைய 1609 நூல், இன்றைய பன்னாட்டுக் கடற்சட்டத்தின் வேர்களில் ஒன்று. உலகக் கடல்கள் அனைத்துக்கும் பொருந்தும் அந்தக் கோட்பாடு, ஜொகூர்க் கரையோரம் நடந்த ஒரு கப்பல் பறிப்பை நியாயப்படுத்தப் பிறந்தது.

அரசு கொடுத்த தாள் கையிலிருந்தால் கப்பலைப் பறிப்பவன் வீரன். 1800-இல் வங்காள விரிகுடாவில் கம்பெனியின் 'கென்ட்' கப்பலைப் பிடித்த சுர்கூஃப் பிரான்சில் இன்றும் கொண்டாடப்படுகிறார். தாள் இல்லாதவனுக்குத் தூக்குக் கயிறு. சீனக் கடலில் செங் யீ சாவ் என்ற பெண்மணி இந்த உண்மையை நன்றாகப் புரிந்துகொண்டார். கணவர் 1807-இல் இறந்த பிறகு பெரும் கொள்ளைக் கூட்டணியைத் தன் கைக்குள் கொண்டுவந்து, உப்புக் கப்பல்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் அவரே சீட்டு விற்றார். 1809-இல் 'ஈலி' என்ற கம்பெனிக் கப்பலின் அதிகாரி கிளாஸ்பூலும் உடனிருந்த மாலுமிகளும் அந்தக் கூட்டத்தாரிடம் சிக்கி, மீட்புப் பணம் கொடுத்த பிறகே விடுதலை ஆனார்கள். தேயிலை வாங்கக் கான்டன் போகும் வழியே அவர் காவலில் இருந்தது என்று சொல்லலாம். 1810-இல் சீன அரசு மன்னிப்பு வழங்க, அவர் சரணடைந்தார்.

மலாய்க் கடலில் காவல் எப்படிக் குலைந்தது? 1699-இல் ஜொகூர் சுல்தான் மஹ்முட் கோத்தா திங்கியில் கொல்லப்பட்டார். மலாக்காவின் அரச வழி அவரோடு முடிந்தது. அந்த வழிக்குத் தலைமுறைகளாக விசுவாசம் காத்த ஓராங் லாவுட் மக்கள் புதிய அரசை ஏற்க மறுத்தார்கள். காவல் செய்த கைகளுக்குத் தலைவன் இல்லாமல் போனான். பிறகு ரியாவ் துறைமுகம் பூகிஸ் தலைவர்களின் கீழ் செழித்தது. ஆங்கில வணிகர்கள் அங்கே வந்து ஈயமும் மிளகும் வாங்கினார்கள். 1784-இல் அவர்களின் தலைவர் ராஜா ஹாஜி டச்சுக்காரரோடு மோதி உயிர்விட்டார். டச்சுக்காரர் ரியாவைப் பிடித்தார்கள். அவர்களை விரட்ட அந்நாட்டு சுல்தான் 1787-இல் அழைத்தது இரானுன் படகுகளைத்தான். அவர்கள் வந்து விரட்டினார்கள். பிறகு மேற்குக் கடல்களின் வழி அவர்களுக்குப் பழகிப்போனது. ஐரோப்பியரின் ஏகபோகம் உள்ளூர் வணிகத்தைக் கெடுத்ததால்தான் கொள்ளை பெருகியது என்று சிங்கப்பூரை நிறுவிய ராபில்ஸே எழுதியிருக்கிறார்.

காற்று மாறும் மாதங்கள்

ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை மலாய்த் தீபகற்பத்தின் கிழக்குக் கரைக்கு அச்சத்தின் மாதங்கள். அந்தக் காற்றுக்கே 'லானுன் காற்று' என்று மக்கள் பெயர் வைத்திருந்தார்கள். இரானுன்களின் பெரிய படகு 25 மீட்டருக்கு மேல் நீளும். துடுப்பு வலிப்பவர்கள் முன்பே பிடிபட்ட அடிமைகள். முன்புறம் பீரங்கி இருக்கும். பல படகுகள் சேர்ந்து வந்து தீவுகளின் மறைவில் தங்கும். மீன்பிடிக்கப் போனவர்களையும், தண்ணீர் எடுக்க வந்தவர்களையும், கரையோரக் கிராமத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களையும் வாரிக்கொண்டு போகும். கொண்டுபோனவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். பிடிபட்டவர் ஜோலோ சந்தையில் விற்கப்பட்டு, தன் ஊர்ப் பெயரைக்கூட நாளடைவில் மறந்து வாழ்ந்து முடித்தார்.

முன்ஷி அப்துல்லாவின் எழுத்து இந்த அச்சத்துக்குச் சாட்சி. நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடி என்று போற்றப்படும் அவர் 1796-இல் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முன்னோர் வழியில் நாகூர்த் தமிழ்ப் பெண் ஒருவர் உண்டு. சிறுவயதில் தமிழும் படித்தவர். 1838-இல் சிங்கப்பூரிலிருந்து பகாங், திரெங்கானு வழியாகக் கிளந்தானுக்குக் கடிதம் கொண்டுபோன பயணத்தில், கொள்ளையர் பயம் படகிலிருந்த எல்லாரையும் ஆட்டிப் படைத்ததை எழுதியிருக்கிறார். சிங்கப்பூர்க் கரையில் மனித மண்டையோடுகள் குவிந்து கிடந்ததையும், அங்கே முதல் ரெசிடெண்டாக இருந்த பார்குவர் அவற்றைச் சாக்குகளில் கட்டிக் கடலில் எறியச் சொன்னதையும் அவருடைய வாழ்க்கை வரலாற்று நூல் சொல்கிறது.

அதே கடலில் நாகப்பட்டினத்திலிருந்தும் நாகூரிலிருந்தும் துணி ஏற்றி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் கப்பல்களும் ஓடின. கரை சேர்ந்தால் நாகூர் ஆண்டவருக்கு நேர்ச்சை செலுத்துவது அவர்கள் வழக்கம். சிங்கப்பூரில் 1828 முதல் 1830 வரை நாகூர் தர்காவின் நினைவாக எழுந்த கட்டடமும் பினாங்கில் உள்ள நாகூர் தர்காவும் அந்தக் கடற்பயணிகளின் அச்சத்தையும் நன்றியையும் இன்றும் தாங்கி நிற்கின்றன.

கொள்ளை மலைகளையும் தொட்டது. கேமரன் மலைச் சரிவுகளின் பூர்வகுடிகளான செமாய் மக்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஆள்பிடிக் கும்பல்களுக்குப் பயந்து காட்டுக்குள் விலகி விலகிப் போனார்கள். பெரியவர்களைக் கொன்றுவிட்டுக் குழந்தைகளைத் தூக்கிச் செல்வது அந்தக் கும்பல்களின் வழக்கம். கடலில் வந்தவர்களும் மலையில் வந்தவர்களும் வேறு வேறு ஆட்கள். ஆனால் மனித உழைப்பை விலைக்கு வாங்கிய சந்தை இரண்டு இடத்திலும் இருந்தது.

காவலின் செலவு

1819-க்குப் பிறகு சிங்கப்பூர் வரியில்லாத் துறைமுகமாக வளர்ந்தது. சீனக் கப்பல்களும் பூகிஸ் படகுகளும் அங்கே குவிந்தன. கொள்ளையர்களுக்கு வேட்டைக்களம் வாசலிலேயே அமைந்தது. சிங்கப்பூர்க் கடைகளில் விற்ற துப்பாக்கியும் வெடிமருந்தும் கொள்ளையர் கைக்கே போனதும் உண்டு. காவல் வேண்டும் என்று வணிகர்கள் மனு மேல் மனு போட்டார்கள். 1830-களின் நடுவில், அதற்காகத் துறைமுகத்தில் ஒரு வரி போடலாம் என்று கல்கத்தா அரசு சொன்னபோது அதே வணிகர்கள் கொதித்தெழுந்து எதிர்த்தார்கள். வரித் திட்டம் கைவிடப்பட்டது.

1836-இல் 'அந்த்ரோமாக்' என்ற போர்க்கப்பல் காலாங் தீவின் குடியிருப்புகளை எரித்தது. அடுத்த ஆண்டு 'டயானா' என்ற நீராவிக் கப்பல் வந்தது. 1838 மே மாதம் திரெங்கானுக் கரைக்கு அப்பால் அதன் புகையைக் கண்ட இரானுன் படகுகள், பாய்க்கப்பல் ஒன்று தீப்பிடித்து எரிகிறது என்று நினைத்து நெருங்கின. பாய் இல்லாமல், காற்றுக்கு எதிராக, சக்கரம் சுழற்றி ஒரு கப்பல் தங்களை நோக்கி வரும் என்று அவர்கள் கனவிலும் எண்ணவில்லை. பலர் மாண்டார்கள். உயிரோடு பிடிபட்டவர்கள் தண்டனைக் கைதிகளாகப் பம்பாய்க்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 1848-இல் ஸ்பானியரும் நீராவிக் கப்பல்களோடு பாலாங்கிங்கி கோட்டைகளை அழித்தார்கள். இரானுன்களின் காலம் நீராவியால் முடிந்தது.

அந்த ஆண்டுகளில் கைதிகள் இரு திசையிலும் பயணம் செய்தார்கள். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் 1873 வரை பினாங்கிலும் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் சாலை போட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள். இங்கிருந்து மெட்ராஸ் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளில் சிலர் நீலகிரி நடுவட்டத்தில் சின்கோனா தோட்டத்தில் வேலை வாங்கப்பட்டார்கள். விடுதலைக்குப் பிறகு அங்கேயே தமிழ்ப் பெண்களை மணந்து குடியமர்ந்தவர்களும் உண்டு.

கொள்ளையரை அழிக்கும் வேலைக்கு பிரிட்டன் கூலியும் வைத்தது. 1825 சட்டப்படி, கொல்லப்படும் அல்லது பிடிபடும் ஒவ்வொரு கொள்ளையனுக்கும் கடற்படையினருக்கு 20 பவுன். 1849-இல் சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கோடு சேர்ந்து பெத்திங் மாராவில் நடத்திய ஒரே இரவுத் தாக்குதலுக்கு 20,700 பவுன் கேட்டுப் பெற்றார்கள். செத்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் கடற்கொள்ளையர், எத்தனை பேர் தங்களுக்குள் சண்டையிட்ட டாயாக் மக்கள் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. 1850-இல் அந்தத் தலைக்கூலி முறை நீக்கப்பட்டது. 'கொள்ளையன்' என்ற பட்டத்தை யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்க்காமல் இந்த வரலாற்றைப் படிக்கவே கூடாது. பட்டத்தைக் கொடுத்தவர் கையில்தான் பீரங்கியும் இருந்தது.

கடலிலிருந்து மலைக்கு

1870-களில் பேராக்கில் லாருட்டின் ஈயச் சுரங்கங்களுக்காக கீ ஹின், ஹாய் சான் என்ற சீனச் சங்கங்கள் மோதிக்கொண்டன. ஆற்று முகங்களை முற்றுகையிட்டதோடு வழிப்போக்குப் படகுகளையும் தாக்கினார்கள். பினாங்கு வணிகம் தடுமாறியது. 1873 நவம்பரில் சிலாங்கூரின் ஜுக்ரா ஆற்று முகத்தருகே மலாக்காவிலிருந்து வந்த படகு ஒன்று தாக்கப்பட்டு அதிலிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க்குக்கு வேண்டிய காரணம் கிடைத்தது. 1874 ஜனவரி 20-இல் பங்கோர் உடன்படிக்கை ஆனது. பேராக் பிரிட்டிஷ் ரெசிடெண்டை ஏற்றுக்கொண்டது. கடற்கொள்ளையை அடக்கவென்று 1826-லேயே பிரிட்டன் எழுதி வாங்கியிருந்த பங்கோர் தீவும் அதையொட்டிய டிண்டிங்ஸ் கரையும் உறுதியாக அதன் கைக்குப் போயின. அடுத்த மாதமே போர்க்கப்பல்களோடு கிளார்க் லங்காட் போய் நின்றார். சிலாங்கூரும் பணிந்தது.

ஜுக்ராவில் செத்தவர்கள் உண்மையான மனிதர்கள். அவர்கள் குடும்பங்களின் கண்ணீரும் உண்மை. ஆனால் லாருட்டில் ஈயம் இல்லாதிருந்தால் அந்தக் கண்ணீருக்காக ஒரு கடற்படை புறப்பட்டிருக்காது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நியாயமான வரலாறு.

கடற்கரையில் தொடங்கிய அதிகாரம் ஆறுகளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் பேராக்–பகாங் எல்லை மலைகளில் அளந்து திரிந்தார். 1888-இல் பகாங்குக்கும் ரெசிடெண்ட் வந்தார். டத்தோ பஹமான் எதிர்த்து நின்ற பகாங் கிளர்ச்சி 1891-இல் வெடித்து 1895-இல் அடங்கியது. 1925-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் மலையைப் பார்வையிட்டு, குளிர்வாசத் தலமாக்கலாம் என்று பரிந்துரைத்தார். தாப்பாவிலிருந்து மலைச்சாலை வெட்டப்பட்டது. 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் ஹாபுவில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார்.

கான்டனிலிருந்து உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுபோன இலையை அதற்குள் பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளிலேயே விளைவித்துக்கொண்டது. 1839-இல் லண்டனில் அசாம் தேயிலை ஏலம் போனது. பிறகு இலங்கை, நீலகிரி, கடைசியாகக் கேமரன் மலை. வழியில் கொள்ளை போகும் அபாயத்தைத் தவிர்க்க, விளைநிலத்தையே தன் கொடியின் கீழ் கொண்டுவந்துவிட்டது. உலக வணிகத்தில் கடற்கொள்ளை விட்டுச்சென்ற தழும்புகளில் குடியேற்ற நாட்டுத் தோட்டமும் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இலையை இடம் மாற்றினார்கள். ஆனால் கைகள்? அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் நம் முன்னோர் வந்தார்கள். நாகப்பட்டினத்திலும் மெட்ராஸிலும் கப்பலேறி, பினாங்கில் பூலாவ் ஜெரெஜாக் தனிமை முகாமைக் கடந்து, கங்காணியின் பின்னால் தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போனவர்கள். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் எத்தனை தமிழ்க் குடும்பங்களை அந்தக் கடலில் ஏற்றி இறக்கியது! தோட்ட முதலாளிகள் செலுத்தும் பணத்தில் ஆள் சேர்க்கும் தமிழர் குடியேற்ற நிதி 1907-இல் சட்டமானது. 1930-க்குப் பின் உலகப் பொருளாதாரச் சரிவில் ரப்பர் விலை விழுந்தபோது, பல்லாயிரம் பேரை வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். 1938-இல் இந்திய அரசு ஆள்சேர்ப்பைத் தடை செய்தது. கேமரன் மலையின் காடு திருத்தப்பட்டதும் தேயிலை நடப்பட்டதும் அந்த நெருக்கடி ஆண்டுகளில்தான். நம் பாட்டன்மார் தாமாகக் கப்பலேறியவர்கள். அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் அல்லர். அந்த வேறுபாட்டை மறைக்கக்கூடாது. வறுமையும் கடனும் பின்னாலிருந்து தள்ளியதையும் மறக்கக்கூடாது.

இன்றைய நீரிணை

மலாக்கா நீரிணை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளம். சிங்கப்பூர் அருகே பிலிப்ஸ் கால்வாயில் அகலம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் கடக்கின்றன. 1992-இல் பன்னாட்டுக் கடல்சார் பணியகம் (IMB) தன் கொள்ளைப் புகார் மையத்தைக் கோலாலம்பூரில் திறந்தது தற்செயல் அல்ல. 2005 ஜூனில் லண்டன் காப்பீட்டுச் சந்தை இந்த நீரிணையைப் போர் அபாயப் பகுதியாக அறிவித்தது. துப்பாக்கி ஏந்தாமல், ஒரு பட்டியலில் பெயரைச் சேர்த்தே வணிகத்தின் செலவை உயர்த்த முடியும் என்பதை உலகம் கண்டது. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் 2004-இல் தொடங்கிய கூட்டு ரோந்தை வலுப்படுத்தின. மலேசியா தனிக் கடல் அமலாக்கப் படையை 2005-இல் களமிறக்கியது. 2006 ஆகஸ்டில் நீரிணையின் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து நீங்கியது.

ஆனாலும் முடிந்துவிடவில்லை. 2024-இல் சிங்கப்பூர் நீரிணையில் மட்டும் 43 சம்பவங்கள் பதிவாயின. பெரும்பாலும் இரவில் சிறு படகில் வந்து, கப்பலில் ஏறி, இயந்திர உதிரிப் பாகங்களைத் திருடிப் போகும் சம்பவங்கள். கொள்ளையைத் தடுக்கும் காவலும் ஏழைகள் உயிரை வாங்கக்கூடும். 2012 பிப்ரவரியில் சோமாலியக் கொள்ளையருக்குப் பயந்து ஆயுதக் காவலர்களோடு போன 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில், கேரளக் கடலில் இரண்டு மீனவர்கள் மாண்டார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த தமிழர். மீன்பிடிக்கப் போனவர் மீது 'கொள்ளையன்' என்ற பட்டம் ஒரு நொடியில் விழுந்தது.

இந்த அத்தியாயத்தின் முடிவை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவிஜயத்தின் படகு, போர்த்துகீசியரின் சீட்டு, செங் யீ சாவின் முத்திரை, பிரிட்டனின் பீரங்கி, லண்டன் காப்பீட்டுப் பட்டியல் எல்லாமே வணிகனிடம் பாதுகாப்புக்குப் பணம் வாங்கின. வணிகன் அதைச் சரக்கின் விலையில் ஏற்றினான். ஏற்ற முடியாததை உழைப்பவன் கூலியில் குறைத்தான். ஜோலோவில் முத்துக்குளித்த அடிமைக்கும், ஊரை எரிகொடுத்த கிழக்குக் கரை மீனவனுக்கும், குழந்தையைப் பறிகொடுத்த செமாய்த் தாய்க்கும், குளிரில் நின்று கொழுந்து பறித்த நம் பாட்டிக்கும் அந்தக் கணக்கில் பங்கு உண்டு. கேமரன் மலையின் வரலாற்றை ஒரு நில அளவையாளரின் பெயரோடு தொடங்குவது போதாது. இந்த நான்கு பேரையும் சேர்த்து எழுதினால்தான் அது முழு வரலாறு.

அடுத்த அத்தியாயம் கப்பலைப் பற்றியது. லெம்பா பெர்த்தாம், ரிங்லெட், ஹாபு வட்டார வாசகர்களின் வீட்டுப் பெட்டிகளில் பழைய கப்பல் சீட்டு, குடியேற்றத் தாள், தோட்டச் சம்பளப் புத்தகம் ஏதேனும் இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நகல் எடுத்து வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வையுங்கள். கம்பெனியின் கணக்குகள் லண்டன் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. நம் கணக்கை நாம்தான் காக்க வேண்டும்.

(தொடரும்)